கடைத்தெருவை எழுதி வைப்போம்

(பொன்விழா ஆண்டின் தொடக்கக் கூட்டத்தில், கிள்ளானில் ஆற்றிய உரை)

 



எனக்குக் கொடுத்த தலைப்பு "பெருநகரமும் நம் அன்றாட வாழ்வும்". தலைப்பைச் சொன்னதும், "நான் குடையும் பையும் விற்கிறவன், என்னை ஏன் பேசச் சொல்கிறீர்கள்?" என்று செயலாளரிடம் கேட்டேன். "மலர்க் குழுவில் நீதானே அதிகமாக வாய் பேசினாய், மேடையிலும் பேசு" என்றார். அந்த வாய்ப் பேச்சு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பது ஆண்டு மலருக்காகச் சங்கத்தின் பழைய படங்களை எல்லாம் ஒரு பெட்டியில் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். நாலு பேர் உட்கார்ந்து ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தோம். மாலை போடும் படம், மாலை வாங்கும் படம், நாடா வெட்டும் படம், அமைச்சர் கையில் நினைவுப் பரிசு கொடுக்கும் படம். நோன்புக் கஞ்சி ஊற்றும் படம் ஒன்று கிடைத்தது. அதிலும் அகப்பையைப் பிடித்திருப்பவர் அன்றைய சிறப்பு விருந்தினர்தான். அவருக்குப் பின்னால், பாதி முகம் மறைந்து, ஒருவர் நிற்கிறார். தோளில் துண்டு. ராத்திரி முழுக்க விழித்து அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். "இவர் யார்?" என்று கேட்டேன். நாலு பேருக்கும் தெரியவில்லை. படத்தின் பின்பக்கம் திருப்பினேன். விருந்தினரின் பெயரும் பட்டமும் மட்டும் எழுதியிருந்தது.

அன்றைக்குத்தான், "இந்த மலரில் நம்முடைய சாதாரண நாட்களுக்கும் நாலு பக்கம் வேண்டும்" என்று சண்டை போட்டேன். அதன் தண்டனை இந்த மேடை.

நான் கிள்ளானில் குடியிருந்து மஸ்ஜித் இந்தியா பக்கம் கடை வைத்திருப்பவன். தினமும் கொமூட்டர் ரயிலில் போகிறேன். காரில் போனால் கூட்டரசு நெடுஞ்சாலையில் பாதி ஆயுள் போய்விடும். ரயிலில் போனாலும் தாமதம் உண்டு. ஆனால் உட்கார இடம் கிடைத்தால் வேடிக்கை பார்க்கலாம். இந்தத் தடம் சாதாரணத் தடம் அல்ல. 1886இல் கோலாலம்பூருக்கும், கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் ஆற்றில் படகில் போக வேண்டும். 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தார்கள். அதைத்தான் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள். ரஜூலா கப்பலிலும், பிறகு எம்.வி. சிதம்பரத்திலும் வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இந்த மண்டபத்தில் பலர். என் அத்தாவும் சிதம்பரம் கப்பலில் வந்தவர். தகரப் பெட்டியோடு இறங்கி, இதே தடத்தில்தான் கோலாலம்பூர் போனாராம்.

காலை ஆறரை மணி வண்டியில் ஏறிப் பாருங்கள். இரவு வேலை முடிந்து தலைசாய்த்துத் தூங்கும் நேப்பாளத்துக் காவலாளி. பாதாங் ஜாவாவில் ஏறி, கண்ணாடி இல்லாமலே மை தீட்டும் மலாய்ச் சகோதரி. அவர் பெண்கள் பெட்டியில் இடம் கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்தவர். சுபாங் ஜெயாவில் இறங்கும் தாதிப் பிள்ளைகள். ஒரு பாய், நம் ஊர்க்காரர், தினமும் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு வருவார். அதில் என்ன இருக்கிறது என்று ஆறு மாதம் யோசித்து, ஒரு நாள் கேட்டேவிட்டேன். "கறிமசால் தம்பி. கடையில அரைக்கிற மசாலை மருமக தொட மாட்டேங்குது. நம்ம வீட்டுல அரைச்சுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்றார். மகன் வீடு பந்தாய் டாலாமில். வாரத்தில் ஒரு நாள் போதுமே என்றேன். "தினமும் போனாத்தான் பேரனைப் பார்க்கலாம்" என்றார். மசாலா ஒரு சாக்கு. பெருநகர வாழ்க்கை என்று பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, எனக்குத் தெரிந்து அது அந்தத் தூக்குதான். கடந்த ரமலானுக்குப் பிறகு அவரைக் காணோம். பெயர் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

பெயர் கேட்காமல் விடுகிற வழக்கம் எனக்கு அத்தாவிடமிருந்து வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதே தடத்தில் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். 1881இல் கோலாலம்பூரில் தீ வந்தது, வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரைகள் அழிந்தன. இனிமேல் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று சுவெட்டன்ஹாம் காலத்தில் உத்தரவானது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். ஊரைக் கட்டிய செங்கல்லின் பெயர் ஊருக்கு நிலைத்தது. சூளையில் நின்றவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

அங்கே ரயில்வே ஊழியர்களுக்காக 1905இல் கட்டிய நூறு வீட்டுக் குடியிருப்பு இருந்தது. "ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்" என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும். பத்தாண்டுகளுக்கு முன் அதை இடித்தார்கள். பத்திரிகைகள் எழுதின, படம் போட்டன. நல்லது. ஆனால் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் 1950களிலிருந்து இருக்கிறது அல்லவா, அதை ஒட்டி வாழ்பவர். மசாஜ் தொழில். வருடத்துக்கு ஒரு குடை என்னிடம் வாங்குவார். நீளக் குடைதான் வேண்டும், அதுவே கைத்தடி. அவர் ஒரு நாள் சொன்னார்: "அந்த வீட்டையெல்லாம் இடிச்ச வாரம் நான் மூணு தடவை வழி தவறினேன். அந்த மூலையிலே மரத்து நிழல் குளிர்ச்சியா முகத்துல படும், அங்கேதான் நான் திரும்புவேன். திடீர்னு ஒரே வெயில். நடந்துக்கிட்டே இருக்கேன், மூலை வரவே இல்லை."

கட்டடம் இடிந்தது செய்தியாக வந்தது. ஒருவருடைய மூலை காணாமல் போனது எந்தத் தாளிலும் வரவில்லை. தோரணவாயிலும் அலங்கார விளக்கும் வைத்து 2010இல் அதை லிட்டில் இந்தியா என்று திறந்தபோது, இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்திருந்தார். அந்தப் படங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. நம் சங்கப் பெட்டியிலும் ஒன்று இருக்கிறது!

இப்படிப்பட்ட சின்ன விஷயங்களை எழுதுவது இலக்கியக்காரர்கள் வேலை, நமக்கென்ன என்று தோன்றலாம். எழுதியவர்கள் யார் என்று கொஞ்சம் பார்ப்போம். அசோகமித்திரன் என்ற எழுத்தாளர் சென்னையைப் பற்றிப் பேட்டை பேட்டையாக எழுதியிருக்கிறார். "ஒரு பார்வையில் சென்னை நகரம்" என்று புத்தகம். அவர் சென்னையில் பிறந்தவர் அல்ல. செகந்திராபாத்தில் பிறந்து, 1952இல் சென்னைக்குப் பிழைக்க வந்தவர். வெளியூரிலிருந்து வந்தவனுக்குத்தான் ஊர் நன்றாகக் கண்ணில் படும் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் தகுதி உண்டு.

இன்னும் நெருங்கி வருவோம். 1887இல் சிங்கப்பூரில் "சிங்கை நேசன்" என்ற தமிழ் வாரப் பத்திரிகையை நடத்தியவர் சி. கு. மகுதூம் சாயபு. நம்மவர். அடுத்த ஆண்டு அதில் அவர் "வினோத சம்பாஷணை" என்று ஓர் உரையாடலை எழுதினார். இந்த வட்டாரத்துத் தமிழ்ச் சிறுகதை அங்கேதான் தொடங்குகிறது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். கதையா கட்டுரையா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். கடலைத் தாண்டி வந்த ஒரு தமிழ் முஸ்லிம், நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே, தான் வாழ்ந்த ஊரின் பேச்சை எழுதி அச்சடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அதுதான் பெரிது. நம் கோலாலம்பூர்க்காரர் சை. பீர்முகம்மது அவர்கள் "மண்ணும் மனிதர்களும்" என்று கட்டுரைகள் எழுதினார். மலேசியச் சிறுகதைகளை எல்லாம் தேடிப் பிடித்து "வேரும் வாழ்வும்" என்று தொகுத்தார். 2023இல் காலமானார். அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்ல இடம் தருவானாக. அவர் இருந்தபோது எத்தனை பேர் அவரிடம் ஒரு புத்தகம் வாங்கினோம் என்று நான் இங்கே கேட்கப் போவதில்லை.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. என் அத்தா அதில் தலையங்கம் படித்து நான் பார்த்ததில்லை. மரண அறிவிப்பும் கடை விளம்பரமும்தான் படிப்பார். "இவரு போயிட்டாரா, லெபோ அம்பாங்கில் கடை வச்சிருந்தாரே" என்பார். ஊரில் யார் இருந்தார்கள் என்பதை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். பத்திரிகை நின்றதும் அந்தப் பேச்சும் வீட்டில் நின்றது.

சரி, என் கடைத்தெருவுக்கு வருகிறேன். மஸ்ஜித் இந்தியா 1863இல் மரப் பள்ளியாகத் தொடங்கியது என்பார்கள். ஜும்ஆவுக்குத் தமிழ் கேட்க வருகிறவர்கள், சனிக்கிழமை ராத்திரிச் சந்தைக்கு வருகிறவர்கள், பெருநாள் துணிக்கு வருகிறவர்கள் என்று எப்போதும் கால் வைக்க இடமில்லாத தெரு. மைடின் 1957இல் கோத்தபாருவில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி, 1989இல் இந்தத் தெருவுக்கு வந்து, நாடு முழுக்கப் பரந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. எழுதவும் பட்டுவிட்டது. அதே ஆண்டுகளில் அதே தெருவில் அஞ்சடியில் மேசை போட்டுச் சீப்பும் கைக்குட்டையும் விற்று, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து, மேசையை மடித்துக்கொண்டு ஊருக்குப் போனவரின் கதை யாரிடம் இருக்கிறது?

2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 7ஆம் தேதி எங்கள் தெருவில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் இரண்டு கட்டடங்களையும் முள்வேலி போட்டு அடைத்தார்கள். உள்ளே நம் தொழிலாளிகள், ஊரிலிருந்து வந்து கடைகளில் நிற்கிற பிள்ளைகள். ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்கியிருந்தவர்கள். எட்டுப் பேரை ஓர் அறையில் தங்கவைத்தது நோய்க்கிருமி இல்லை. முதலாளிகளாகிய நாம்தான். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். நானும் அந்த முதலாளிகளில் ஒருவன். என்னிடம் வேலை செய்த இரண்டு பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். சாப்பாடு வந்தது, சாமான் வந்தது, குறையில்லை. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை போன் செய்து, "மொதலாளி, பகல்ல தூங்கறவங்களும் ராத்திரி தூங்கறவங்களும் ஒரே நேரத்துல உள்ள இருக்கோம், படுக்க எடமில்ல" என்றான். அதுவரைக்கும், அந்த அறை மாற்றி மாற்றித் தூங்கும் கணக்கில்தான் போதுமானதாக இருந்தது என்பது எனக்குத் தெரியாது. வாடகை கொடுப்பவன் நான், எனக்கே தெரியாது. பிறகு அறையை மாற்றினேன். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் எந்த அறிக்கையிலும் இல்லை, அதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் 2024 ஆகஸ்டு 23. ஆந்திராவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு சகோதரி நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் தெருவின் நடைபாதை திடீரென உள்வாங்கியது. எட்டு மீட்டர் பள்ளம். ஒன்பது நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. உலகம் முழுக்கப் பேசினார்கள். பிறகு கேமராக்கள் போய்விட்டன. தெரு அங்கேயேதான் இருந்தது. எத்தனையோ மாதம் எங்களுக்கு வியாபாரம் படுத்தது. அதைக் கூட விடுங்கள். என் அம்மா இருபத்தைந்து வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கடைக்கு வருவார். இப்போதும் வருகிறார், ஆனால் நடைபாதையில் நடக்க மாட்டேன் என்கிறார். தார்ச் சாலை ஓரமாக, கார் ஹாரன் அடிக்க அடிக்க, நடந்து வருகிறார். பக்கத்துக் கடைப் பாய் தினமும் காலையில் கடை திறக்கும் முன் வாசல் கல்லைக் குதிகாலால் மூன்று தடவை தட்டிப் பார்க்கிறார். கேட்டால் சிரிப்பார். ஒரு தெருவுக்குப் பயம் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த மூன்று தட்டுதான் சாட்சி. இதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். நான் போலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தவன். இலக்கியம் யாரும் சொல்லித் தரவில்லை. தொழிற்பயிற்சிக்குப் போகும்போது ஒரு நாட்குறிப்புப் புத்தகம் கொடுப்பார்கள். தினமும் என்ன வேலை செய்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் முதல் வாரம் "இயந்திரத்தைச் சரிசெய்தோம்" என்று எழுதினேன். விரிவுரையாளர் சிவப்பு மையால் மூன்று கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார். யாரோடு? எத்தனை? எத்தனை மணிக்கு? அவ்வளவுதான். பயிற்சி முடியும்வரை அந்த மூன்று கேள்வியைத் திட்டிக்கொண்டே எழுதினேன். இன்றைக்கு ஒரு தெருவை எழுத வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்த பாடம் அந்தச் சிவப்பு மைதான். "அந்தக் காலத்தில் நோன்பு சிறப்பாக இருக்கும்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எத்தனை கிலோ அரிசி, யார் விறகு தள்ளியது, அஸருக்கு முன் எத்தனை வாளி நிரம்பியது என்று எழுதினால், ஐம்பது வருடம் கழித்து ஒருவன் அதே கஞ்சியைக் காய்ச்சிவிடலாம்.

இப்போது என் அத்தா விஷயம். இதை வெளியில் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "சொல்லு, யாராவது வழி சொன்னாலும் சொல்வாங்க" என்றார். அதனால் சொல்கிறேன்.

அத்தா 2022இல் வஃபாத்தானார். கடையின் மேல்மாடியைச் சுத்தம் செய்தபோது அவருடைய பழைய பேரேடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் 786, கீழே தேதி, பிறகு பற்று வரவு. அழகான கையெழுத்து. 1998ஆம் ஆண்டுப் பேரேட்டைப் புரட்டினேன். ரிங்கிட் விழுந்து, டாலருக்கு 3.80 என்று நிறுத்திவைத்த ஆண்டு. பக்கத்துக்குப் பக்கம் கடன், கைமாற்று. அத்தா அந்த ஆண்டு எப்படித் தூங்கினார் என்றே தெரியவில்லை. நவம்பரில் ஒரு வரி: "தொண்டிப் பையன் பற்று, குடை 4, வெள்ளி 38.00."

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. அப்போது எனக்குப் பதினொரு வயது. தொண்டியிலிருந்து வந்த ஒருவர் கடையில் வேலை செய்தார். பையன் என்று எழுதியிருந்தாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. நாகூர் ஹனிபா பாட்டைப் பாடிக்கொண்டே பார்சல் கட்டுவார். கத்தரி இல்லாமல் கயிற்றை விரலில் சுற்றி அறுப்பார். ஈரக் குடையை எப்படி மடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இன்றைக்கும் என் வாடிக்கையாளர்களுக்கு நான் அப்படித்தான் மடித்துக் காட்டுகிறேன். அந்த மழைக் காலத்தில் இருப்பு எண்ணியபோது நாலு குடை குறைந்தது. ஒன்று ஒன்பது வெள்ளி ஐம்பது காசு. அத்தாவுக்கு இருந்த நெருக்கடியில் கோபம் வந்துவிட்டது. அடிக்கவில்லை, திட்டவில்லை. சம்பளத்தில் பிடித்துவிட்டார். அவருக்கு அது ஏறக்குறைய மூன்று நாள் கூலி. அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பாட்டு மட்டும் பாடவில்லை. இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்து ஜோகூர் பக்கம் போய்விட்டார்.

அடுத்த நோன்புக்கு முன் மேல்மாடியில் எலி செத்து நாற்றம் எடுத்தது. நானும் அத்தாவும் பெட்டிகளை நகர்த்தினோம். சுவரோரம், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், நாலு குடையும் விழுந்து கிடந்தன. அத்தா கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அவன் வரும்போது கொடுத்திடலாம்" என்றார். அவர் வரவில்லை. பேரேட்டின் அந்த ஆண்டு முழுக்கத் தேடினேன், அடுத்த ஆண்டும் தேடினேன். 38 வெள்ளி வரவு வைத்த வரி இல்லை.

ஒருவர் மவுத்தாகும்போது அவருடைய கடனுக்குக் குடும்பம் பொறுப்பேற்க வேண்டும் என்பது இங்கே யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு முன் நானும் எழுந்து நின்று, "எங்கள் அத்தா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள்" என்று சொன்னவன்தான். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை. இமாமிடம் போனேன். "ஆளைத் தேடு. முயன்றும் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் சதகா செய்துவிடு" என்றார். அவர் பெயரால்! அங்கேதான் எனக்கு இடித்தது. எனக்குப் பெயர் தெரியாது. கடையில் எல்லாரும் "தொண்டி" என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவும் அப்படியே எழுதியிருக்கிறார். அவருடைய விசா காகிதங்கள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. தொண்டிக்குப் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லி அனுப்பினேன். "தொண்டியில் யாரென்று தேடுவது தம்பி? பெயர் என்ன?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். மூன்று ஆண்டு எங்கள் கூரையின் கீழ் சாப்பிட்ட மனிதர். அவர் மடித்த குடை எத்தனை என்று பேரேட்டில் இருக்கிறது. பெயர் இல்லை.

அந்தப் பேரேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எட்டு வயது மகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "அத்தா, இனி துலிசான் அப்பா?" என்றாள். இது என்ன எழுத்து என்று மலாயில் கேட்கிறாள். நான்தான் அவளைத் தேசியப் பள்ளியில் சேர்த்தேன். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த மலரைக் கையில் வாங்கப் போகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாப்பாவோ அத்தாவோ படித்துக் காட்ட வேண்டியிருக்கும். இது நமக்குத் தெரிந்த ரகசியம்தான். அதனால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். தமிழில் எழுத முடிந்தவர்கள் தமிழில் எழுதுங்கள். அதுதான் என் ஆசை. முடியாத பிள்ளைகள் மலாயில் எழுதட்டும், நாங்கள் தமிழாக்கிப் போடுகிறோம். எழுதவே முடியாத பாட்டிமார்கள் போனில் பேசிக் கொடுங்கள், கேட்டு எழுத என் தங்கை தயாராக இருக்கிறாள். மொழி சரியாக வரும்வரை காத்திருந்தால் ஆள் போய்விடுவார். மகளுக்கு இப்போது வாரத்தில் இரண்டு நாள் நானே எழுத்துச் சொல்லித் தருகிறேன். "குடை 4" வரை வந்துவிட்டாள். பேரேட்டை வைத்தேதான் படிக்கிறாள். பாடப் புத்தகத்தைவிட அது அவளுக்குப் பிடித்திருக்கிறது, காரணம் அதில் வெள்ளிக் கணக்கு இருக்கிறது. வியாபாரி மகள்!

வாசலில் இடதுபக்க மேசையில் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். கஞ்சி காய்ச்சியவர் படமும் பக்கத்தில் இருக்கிறது. துண்டு போட்டு நிற்கிறாரே அவர்தான். போகும்போது ஒரு தடவை உற்றுப் பாருங்கள். யாருக்காவது தெரிந்தால் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. 1996 முதல் 1999 ஆரம்பம் வரை மஸ்ஜித் இந்தியா பக்கம் குடைக் கடையில் வேலை செய்து, பிறகு ஜோகூர் போன தொண்டிக்காரர். வலது புருவத்தில் தழும்பு. இப்போது ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். யாருக்காவது தெரிந்தால், சாப்பாடு முடியும்வரை நான் அந்த மேசைப் பக்கம்தான் நிற்பேன். வஸ்ஸலாம்.